சட்டமில்லாக் கண்ணாடித் தொட்டி: அடித்தளம் சரியாக இருந்தால் ஆபத்தில்லை

சிமெண்டுத் தொட்டிகளிலும் சிறு குட்டைகளிலும் கப்பி, மோலி, தங்கமீன், கோய் கெண்டை முதலிய வண்ண மீன்களை வளர்த்து விற்பதைச் சிறு விவசாயக் குடும்பங்கள் பல உபதொழிலாக மேற்கொண்டுள்ளன. மீன் வாங்க வருவோருக்குக் காட்டுவதற்காகவும், வீட்டுப் பிள்ளைகளின் ஆசைக்காகவும் முன்கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைப்பது வழக்கம். சிமெண்டுத் தொட்டியில் மேலிருந்து பார்க்கும்போது சாதாரணமாகத் தெரியும் மீன், கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டில் பார்க்கும்போது தன் முழு நிறத்தையும் காட்டும். ஆகவே விற்பனைக்கும் இது உதவுகிறது.

முன்பு இத்தொட்டிகள் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தி, மக்கு வைத்து அடைத்துச் செய்யப்பட்டன. பிறகு சிலிக்கோன் பசை வந்ததும் இரும்புச் சட்டம் போய், மேலும் கீழும் பிளாஸ்டிக் விளிம்பு மட்டும் நின்றது. இப்போது அந்த விளிம்பும் இல்லாமல், கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டி மட்டுமே செய்யப்படும் தொட்டிகளை மக்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ என்பவர் நீர்த்தாவரங்களை அழகுற நட்டு அமைத்த தொட்டிகள் உலகெங்கும் பரவியதும் இந்த விருப்பத்துக்கு ஒரு காரணம். வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற சென்னை கொளத்தூரில் மட்டுமல்ல, சிறு நகரங்களின் மீன் கடைகளிலும் இவை கிடைக்கின்றன.

பார்வைக்கு அழகுதான். ஆனால் சட்டம் என்பது வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. வெளியே வளைய முயலும் கண்ணாடியை அது இழுத்துப் பிடித்தது. அடியிலுள்ள மேடு பள்ளத்திலிருந்து அடிக்கண்ணாடியை விலக்கி வைத்தது. சட்டத்தை எடுத்துவிட்டால் அந்த வேலை முழுவதும் கண்ணாடியின் கனத்தின்மீதும், பசையின்மீதும், தொட்டி உட்காரும் பலகையின்மீதும் விழுகிறது. தொட்டிக்குப் பணம் செலவு செய்பவர்கள் பலர் அது உட்காரும் இடத்தைப் பற்றி நினைப்பதே இல்லை. தொட்டி உடைவதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று இதுவே.

எவ்வளவு எடை?

90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். விளிம்பு வரை நிரப்பினால் இது ஏறக்குறைய 182 லிட்டர் கொள்ளும். 10 மி.மீ. கனமுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை இருக்கும். ஆகவே தொட்டி மட்டுமே 40 கிலோ. அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்பி, சில கற்கள் வைத்து, விளிம்புக்கு 4 செ.மீ. கீழே வரை தண்ணீர் விட்டால் மொத்த எடை 240 கிலோவை நெருங்கும். நான்கரைச் சதுர அடிக்கும் குறைவான இடத்தில் ஐந்து சிமெண்டு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதற்கு இது சமம். அதுவும் மூட்டையைப் போல இன்று வைத்து நாளை எடுக்கும் சுமை அல்ல. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும் சுமை.

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள சிறிய தொட்டி 65 லிட்டர் கொள்ளும். மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து ஒரு நெல் மூட்டை எடையைச் சற்றே தாண்டும். முதன்முதலாகத் தொட்டி வைப்பவர்கள் இந்த அளவோடு தொடங்குவது நலம்.

தண்ணீரின் எடை கீழ்நோக்கி மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. ஏரிக்கரையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஏரி எவ்வளவு பரந்து கிடந்தாலும் கரையின் பலம் தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது. கரையின் அடிப்பகுதி அகலமாக இருப்பதும் அதனால்தான். தொட்டியிலும் இதே கதைதான். மேலே சொன்ன 90 செ.மீ. தொட்டியை முழுவதும் நிரப்பினால் முன்பக்கக் கண்ணாடியின்மேல் மொத்தம் சுமார் 90 கிலோ தள்ளுவிசை இருக்கும். அதே நீளத்தில் உயரத்தை மட்டும் 60 செ.மீ. ஆக்கினால் அது 160 கிலோவைத் தாண்டிவிடும். உயரம் இரட்டிப்பானால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். ஆகவே பெரிய தொட்டி வேண்டுமென்றால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டலாம். உயரத்தைக் கூட்டக் கூடாது. மீனுக்கும் உயரத்தைவிட நீளமே தேவை.

சட்டமில்லாத் தொட்டிக்கு 60 செ.மீ. நீளம், 36 செ.மீ. உயரம் வரை 6 மி.மீ. கண்ணாடியும், 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரத்துக்கு 10 மி.மீ. கண்ணாடியும், அதே உயரத்தில் 120 செ.மீ. நீளத்துக்கு 12 மி.மீ. கண்ணாடியும் பொதுவாகக் கொள்ளப்படும் அளவுகள். விலை குறையும் என்று ஒரு படி மெல்லிய கண்ணாடி கேட்பவர்கள், மேல்விளிம்பில் உட்புறமாகக் கண்ணாடிப் பட்டை ஒட்டித் தரச் சொல்ல வேண்டும். அப்போது அது சட்டமில்லாத் தொட்டி ஆகாது. போகட்டும், உடையாமல் இருக்குமே.

தாங்கி எப்படி இருக்க வேண்டும்?

தொட்டியின் அடி முழுவதும், ஒரு விரல் இடம்கூட விடாமல், தட்டையான தளத்தின்மீது உட்கார வேண்டும். தொட்டியைவிடப் பலகை ஒரு செ.மீ. பெரிதாக இருக்கலாம், குறைவாக இருக்கவே கூடாது. ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பக்கக் கண்ணாடியின் பாரம் முழுவதும் அந்தரத்தில் நிற்கும் அடிக்கண்ணாடியின் விளிம்பில் இறங்கும்.

பட்டறையில் ஆங்கிள் இரும்பில் செய்து தரும் ஸ்டாண்டு பலமானதே. ஆனால் வெல்டிங் சூட்டில் சட்டம் சற்று முறுக்கிக்கொள்வது இயல்பு. பட்டறையிலேயே அதன்மேல் நேரான ஒரு மட்டப்பலகையைக் குறுக்கும் நெடுக்கும், மூலைக்கு மூலையும் வைத்துப் பார்க்க வேண்டும். பலகைக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் ஸ்டாண்டைத் திருத்தித் தரச் சொல்லலாம். வெல்டிங் பிசிறுகளை அரத்தால் ராவி எடுத்த பிறகு, சட்டத்தின்மேல் 18 மி.மீ. கனமுள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் பலகையை வைக்க வேண்டும். 90 செ.மீ. தொட்டி என்றால் பலகைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டமும் அவசியம். இரும்பு துருப்பிடிக்காமல் முதலிலேயே பெயின்ட் அடித்துவிடுவது நல்லது.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆன மேசை, டி.வி. ஸ்டாண்டு, பழைய அலமாரி ஆகியவற்றின்மேல் தொட்டி வைக்கக் கூடாது. தண்ணீர் பட்டதும் அப்பலகை ஊறி உப்பிவிடும். உப்பிய இடம் மேடாகும். மேட்டில் கண்ணாடி விரிசல் விடும்.

கிராமத்து வீட்டுக்குச் செலவு குறைந்த தாங்கி, செங்கல் அல்லது ஹாலோ பிளாக் கட்டுமானத்தின்மேல் கடப்பைக்கல் பதிப்பதே. 90 செ.மீ. தொட்டிக்கு இரு முனைகளிலும் நடுவிலும் ஆக மூன்று சுவர்கள் எழுப்ப வேண்டும். கல்லை வெறுமனே வைக்காமல் கலவை போட்டு, ரசமட்டம் பார்த்துப் பதிக்க வேண்டும். கலவை நன்றாக இறுகும் வரை ஒரு வாரம் தண்ணீர் தெளித்து வருவது, வீடு கட்டியவர்கள் எல்லோரும் அறிந்ததே. கரையானுக்கும் இதில் வேலை இல்லை.

தரையையும் பார்க்க வேண்டும். மண்தரையிலும், சாணம் மெழுகிய தரையிலும் ஸ்டாண்டின் கால்கள் நாளாவட்டத்தில் இறங்கும். நான்கும் சமமாக இறங்குவதில்லை. தண்ணீர் சிந்தும் பக்கம் அதிகமாக இறங்கும். அத்தகைய வீடுகளில் தரையைத் திமிசு போட்டு இறுக்கி, நான்கு கால்களுக்கும் பொதுவாக ஒரே கல்பலகையைப் பதித்து, அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்த வேண்டும். சிமெண்டுத் தரைக்கு இத்தொல்லை இல்லை. மாடியறையில் வைப்பதானால் சுவரை ஒட்டி வைக்கலாம். தளத்தின் நடுவில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். பரண்மேல் வைக்கும் யோசனையே வேண்டாம்.

மட்டம் பார்த்தல்

தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் தண்ணீர் விளிம்பைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். நீளவாக்கில் ஒரு நூல் அளவு சாய்வு இருப்பதால் பெரிய கேடு இல்லை. இதைவிட மோசமானது முறுக்கு. மூன்று மூலைகள் ஒரு மட்டத்திலும், நான்காவது மூலை ஒரு நூல் தாழ்ந்தும் இருந்தால், தண்ணீரின் பாரம் கண்ணாடியை முறுக்கிப் பார்க்கிறது. மரம் வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. முறுக்கத்தை முதலில் பசை தாங்கும். பல மாதங்கள்கூடத் தாங்கும். பிறகு ஒருநாள் இரவில் விட்டுவிடும். அதனால்தான் தொட்டி வைத்து நெடுநாள் கழித்து "காரணமே இல்லாமல்" உடைந்ததாகச் சொல்கிறார்கள்.

எனவே ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மட்டும் வைத்தால் போதாது. இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ரசமட்டம் இல்லாதவர்கள், கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டு நான்கு மூலைகளின் உயரத்தையும் ஒப்பிடலாம். ஏற்றத்தாழ்வு இருந்தால் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில்தான் தகடு கொடுத்துச் சரி செய்ய வேண்டும். தொட்டிக்கும் பலகைக்கும் இடையில் அட்டையோ, ஓட்டுத்துண்டோ செருகுவது மிகத் தவறான பழக்கம். செருகிய இடத்தில் மட்டும் பாரம் குவியும்.

மட்டம் சரியான பிறகு பலகையின்மேல் 10 அல்லது 12 மி.மீ. கனமுள்ள தெர்மோகோல் தாளை, ஒட்டு இல்லாமல் ஒரே துண்டாக விரித்து, அதன்மேல் தொட்டியை வைக்க வேண்டும். ரப்பர் நுரைப்பாயும் ஏற்றதே. ஒரு மணல் பருக்கை அடியில் கிடந்தாலும் அது இதில் அமிழ்ந்துவிடும்; கண்ணாடியைக் குத்தாது. ஆனால் தெர்மோகோல் போட்டால் கோணல் ஸ்டாண்டும் சரியாகிவிடும் என்று எண்ணக் கூடாது. அது பருக்கையை விழுங்கும், கோணலை விழுங்காது. எலி நடமாட்டமுள்ள வீட்டில் தெர்மோகோலை எலி கொறிக்கும். அங்கே ரப்பர் பாயே தகுந்தது.

ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கீழே பிளாஸ்டிக் சட்டமுள்ள தொட்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் அடிக்கண்ணாடி சட்டத்துக்குள் சற்று உயர்ந்து, தரையைத் தொடாமல் நிற்கும். அதற்கு அடியில் நுரையை வைத்தால் அது அடிக்கண்ணாடியை மேல்நோக்கித் தள்ளி, ஒட்டை விடுவிக்கக்கூடும். தொட்டியைத் திருப்பிப் பார்த்து, அடிக்கண்ணாடி நேரே தளத்தில் படுகிறதா என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வது நலம்.

தாங்களே ஒட்டுபவர்களுக்கு

வண்ண மீன் வளர்ப்போர் சிலர் கண்ணாடியை வெட்டி வாங்கித் தாங்களே ஒட்டிக்கொள்கிறார்கள். சிக்கனமான வழிதான். கண்ணாடியின் விளிம்புகளைக் கடையிலேயே சாணை பிடித்து மெருகேற்றி வாங்க வேண்டும். கையைக் கிழிக்காமல் இருப்பதற்கு மட்டுமல்ல. விளிம்பிலுள்ள சிறு சிதைவிலிருந்துதான் விரிசல் தொடங்குகிறது. வழித்து எடுத்த பழைய பசை மேல் புதுப்பசை பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பிடிக்காது. அசிட்டோன் நனைத்த துணியால் ஒட்டும் விளிம்புகளைத் துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

சிலிக்கோன் வாங்கும்போது மீன்தொட்டிக்கு உரியது என்று கேட்டு வாங்க வேண்டும். குளியலறைக்கு விற்பதில் பூசணக்கொல்லி மருந்து கலந்திருக்கும். மீனுக்கு அது நஞ்சு. உள்மூலையில் தடிப்பாகப் பூசிவிட்டால் பலம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரு கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய படலமே பாரத்தைத் தாங்குகிறது. உள்மூலைப் பூச்சு அதற்கு ஒரு காவல், அவ்வளவுதான். கண்ணாடியை இறுக அமுக்கிப் பசை முழுவதையும் பிதுக்கி வெளியேற்றிவிடாமல், தீக்குச்சி கனத்துக்குச் சற்றுக் குறைவான படலம் நிற்கும்படி ஒட்ட வேண்டும். படலத்தில் காற்றுக் குமிழி தெரிந்தால் அந்தப் பக்கத்தைப் பிரித்து மீண்டும் ஒட்டுவதே சரி. வினிகர் வாடை முற்றிலும் போகும் வரை, குறைந்தது ஒரு வாரம், தண்ணீர் ஊற்றக் கூடாது.

சோதனை

புதுத் தொட்டியானாலும் கடையில் வாங்கியதானாலும், வீட்டுக்குள் வைக்குமுன் முற்றத்தில் நிழலான இடத்தில் சோதிக்க வேண்டும். அங்கும் மட்டமான பலகையும் தெர்மோகோலும் தேவை. அடியில் நான்கு பக்கமும் செய்தித்தாளை விரித்து வைத்தால், சிறு கசிவும் கறையாகத் தெரியும். கால் பங்கு நிரப்பி ஒரு மணி நேரம், பாதி நிரப்பி ஒரு மணி நேரம், பிறகு முழுவதும் நிரப்பி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் மிகச் சிறிதளவு வெளியே வளைந்திருப்பது தெரியும். இது இயல்பு. முதல் நாளைவிட இரண்டாம் நாள் வளைவு கூடியிருந்தால் அத்தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வெயிலில் காய்ந்து சூடேறிய தொட்டியில் குளிர்ந்த கிணற்று நீரைச் சடாரென்று ஊற்றுவதும் தவறு.

தண்ணீருடன் தொட்டியை நகர்த்தவே கூடாது. கால் பங்குதான் இருக்கிறதே என்று இருவர் தூக்கினாலும், தண்ணீர் ஒரு பக்கம் ஓடிச் சேரும்போது அடிக்கண்ணாடி நொறுங்கும். வெற்றுத் தொட்டியையும் மேல்விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்தே தூக்க வேண்டும்.

கற்களை நேராக அடிக்கண்ணாடியில் வைக்காமல், முதலில் மணலைப் பரப்பிவிட்டு, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைக்கலாம். கூர்நுனிக் கல் சரிந்தால் ஒரே அடியில் வேலை முடிந்துவிடும்.

மின்சாரத்தில் எச்சரிக்கை

சட்டமில்லாத் தொட்டிக்கு மூடி இருப்பதில்லை. விளக்கு, காற்றுக் கருவி, வடிகட்டி எல்லாவற்றின் ஒயர்களும் திறந்த விளிம்பைத் தாண்டியே செல்கின்றன. ஒயர் வழியே வழியும் சொட்டு நேரே பிளக்கில் இறங்காதபடி, ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து பின் மேலேறிச் செல்ல வேண்டும். சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழுந்துவிடும். வயலில் மோட்டார் ஸ்டார்ட்டரை ஈரக்கையால் தொடாத விவசாயி, வீட்டில் தொட்டிக்குள் கைவிடுமுன் பிளக்கைப் பிடுங்க மறந்துவிடுகிறார். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக்கொள்வது உயிருக்குப் பாதுகாப்பு.

காற்றுக் கருவியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்கவிட வேண்டும். கீழே வைத்திருந்தால், மின்வெட்டு ஏற்பட்டவுடன் தண்ணீர் குழாய் வழியே திரும்பி இறங்கும். கருவிக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் மின்சாரம் திரும்ப வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே வைக்க இடமில்லையானால், தண்ணீரைத் திரும்ப விடாத சிறு வால்வு மீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் குழாயில் செருகிவிடலாம்.

நேர் வெயில் படாத இடத்தில் வைத்தால் பாசி குறைவாகப் பிடிக்கும். கப்பி, கௌராமி, கோய் ஆகியவை துள்ளி வெளியே விழக்கூடியவை. ஆகவே தண்ணீரை விளிம்புக்கு 4 அல்லது 5 செ.மீ. கீழே நிறுத்தி, மேலே நைலான் கொசுவலையை மரச்சட்டத்தில் கட்டி மூடிவிட வேண்டும். பல்லி விழுவதும் இதனால் தடுக்கப்படும். பிள்ளைகள் விளிம்பைப் பிடித்துத் தொங்காதபடி தாங்கியின் உயரத்தை அமைத்துக்கொள்ளலாம்.

மாதம் ஒருமுறை ரசமட்டத்தை மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். மூலைகளிலுள்ள பசையில் வெண்மையாகக் கீற்று ஓடுகிறதா, உரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாசியைச் சுரண்டும் பிளேடு பசையில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். அடியில் விரலால் தடவி ஈரம் தெரிந்தால், முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, மீன்களை வாளியில் எடுத்துவிட்டு, ரப்பர் குழாயால் தண்ணீரை இறக்க வேண்டும். கசியும் இடத்தில் வெளிப்புறமாகப் பசை தடவுவது பயன் தராது. தொட்டியை முழுவதும் காயவைத்து, அந்த மூலையின் பழைய பசையைச் சுத்தமாக வழித்தெடுத்துப் புதிதாக ஒட்டி, முன்போலவே இரண்டு நாள் முற்றத்தில் சோதித்த பிறகுதான் மீன்களைத் திரும்ப விடலாம்.